பழைய பெட்டிக்கு வந்த பதில்

ஆடி, செவ்வாய் இரவு. குன்னூர்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லச் செல்போன் எழுதிக்கொள்கிறது.

எஸ்டேட் ஆபீசில் கழித்துப்போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நிறுத்திவிடப் போவதாக இன்று என் மகன் சந்திரன் சொன்னான். அதன் மூளையான பிராசசர் இப்போது யாரும் வாங்காத வகை. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற புரோகிராம் புதிதாக வரும்போதெல்லாம் அதில் ஓட்டிப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று லினக்ஸைச் செய்கிறவர்களுக்கு எழுதுவான்.

"இனி இந்தப் பிராசசருக்கு லினக்ஸ் வராதுங்கப்பா. ஓட்டறவங்க யாருமில்லைன்னு நிறுத்தறாங்க."

"வேற யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டியாடா?"

"கேக்கறதுக்கு ஆளு எங்கீங்க? நான் ஒருத்தன்தான் கிறுக்கன்."

அவன் அம்மா உயிரோடு இருந்தபோது, மழைக்காலத்தில் அதன் பின்னால் வரும் சூட்டில்தான் காலுறைகளைக் காயப்போடுவாள். "உன்ற மெஷினு இதுக்காச்சும் ஆகுதே" என்பாள். காலுறை காற்றை அடைத்து, சூடேறி மெஷின் நின்றால் அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு பெரிதாகிவிட்டது.

மனசு கேட்காமல் சாயங்காலம் லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறான் சந்திரன். சாப்பிடும்போது பதில் வந்தது. ஏதோ குளிர் தேசத்தில் ஒருவர் இதே வகைக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்திருக்கிறாராம்.

"ரெண்டு பேரு போதுமாடா?"

"வேலையப் பங்கு போட்டுக்கிட்டா நிறுத்த மாட்டாங்களாமுங்க!"

பாதிச் சோற்றில் எழுந்துபோய் அவருக்கு எழுத உட்கார்ந்துவிட்டான். திட்ட அவன் அம்மா இல்லை. நான்தான் தட்டை மூடிவைத்தேன்.