நஸீராவைக் கூட்டிப் போக வந்த லீவு

20.8.82 வெள்ளி

கச்சான் காற்று. விடியும்போதே வீடு அடுப்புக்குள் இருப்பது மாதிரி. கிணற்றில் தண்ணீர் அடியில், வாளி மண்ணில் முட்டுகிறது.

இன்று செய்ய நினைத்தவை: கூடப்பிறந்த ராத்தாவிடம் விஷயத்தைக் கதைப்பது. நஸீராவைக் கல்முனைக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட் படம் எடுப்பது. சின்னவன் ரிபாய்க்குச் செருப்பு.

செய்தது: செருப்பு. அதுவும் பெரிது.

காலைத் தேத்தண்ணீர் குடிக்கவில்லை, அதற்குள் ஆட்கள். நைஜீரியாவிலிருந்து டீச்சர் வந்து ஒரு மாதமாகியும் சாய்ந்தமருது இன்னும் என்னைப் பார்த்து முடிக்கவில்லை. இன்று வந்தவர் பின் தெருக்காரி. உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"அங்க கணக்குப் படிப்பிக்க ஆள் தேடுறாங்களாம். நம்மட மருமகனுக்கு ஒண்டு பாத்துக் குடுங்களன் புள்ள."

மருமகனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தது நான்தான். பின்னம் என்றால் ஓடுவான். "பாப்பம்" என்றேன். வேறென்ன சொல்ல.

நஸீரா காலையில் பள்ளிக்கூடம், வந்ததும் குர்ஆன் ஓதல், பிறகு கொஞ்ச நேரம் என் வீட்டுக் கதிரையில். கையை மடியில் வைத்துக்கொண்டு. கேட்டதற்குப் பதில். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் "போயித்து வாறன் உம்மா." ஒரே வளவு, நடுவில் ஒரு கிடுகு வேலி, அதிலும் ஆள் நுழைய ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் ராத்தா வீட்டுக்குப் போய்விடுவாள். வந்த நாள் முதல் ஒரு இரவுகூட என் வீட்டில் படுக்கவில்லை. பெற்ற மகள், விருந்தாளி மாதிரி வந்து போகிறாள்.

21.8.82 சனி

அக்கரைப்பற்றில் இவரைப் பெற்ற மாமி வீட்டு விருந்து. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ரிபாய் என் தோளில் வாந்தி.

நஸீராவை அனுப்ப ராத்தா சம்மதிக்கவில்லை.

"ஓதல உட ஏலாடி. முடிக்க இன்னும் கொஞ்சந்தான் கிடக்கு."

"ஒரு நாளைக்கு உட்டா என்ன?"

"ஒனக்கு ஒரு நாள். அவக்குப் பாடம் போயிரும்."

வழி முழுக்க எனக்குள் கொதிப்பு. என் லீவே கொஞ்சம். அதில் பாதி பள்ளிக்கூடத்துக்கு, மீதி ஓதலுக்கு. எனக்கு எது?

மாமி வீட்டில் நாற்பது பேர் இருக்கும். "மெலிஞ்சி போயித்த." "கறுத்துப் போயித்த." "கொழுத்துப் போயித்த." மூன்றும் என்னைத்தான், ஒரே பகலில். ரிபாய் இனிப்பு வட்டிலாப்பத்தைத் தள்ளிவிட்டு வெறும் பேக்கரிப் பாண் கேட்டான். வருகிறவர் எல்லாருக்கும் அங்கத்தைய வழக்கப்படி "சன்னு" என்றான். ஏதோ கெட்ட வார்த்தை என்று மாமிக்கு முகம் சுருங்கியது. அது ஸலாம் சொல்வது மாதிரித்தான் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப ஸலாமையே சொல்லலாமே" என்றார். நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

இவரோ தன் மூத்தவர் காக்காவோடு உட்கார்ந்து வெள்ளாமைக் கதை. நஸீரா விஷயத்தை மாமியிடமாவது சொல்லுங்கள் என்றேன். "சொல்லுவம்." இவருடைய சொல்லுவத்துக்கு ஒரு மாதம் வயது.

22.8.82 ஞாயிறு

இன்று எப்படியும் ராத்தாவிடம் சொல்லிவிடுவது என்று கடப்பைத் தாண்டிப் போனேன். "ராத்தா, ஒண்டு கதைக்கணும்" என்று வாயைத் திறந்தேன். தெருவில் மாட்டு வண்டி. இறக்காமத்திலிருந்து இவருடைய வயல் ஆட்கள். இரண்டு முட்டித் தயிர், ஒரு மூடை புது நெல், ஆறு பேர். ஆறு பேருக்கும் சோறு ஆக்கி, மீன் ஆணம் வைத்து, பீரிஸ், கோப்பை கழுவி முடியப் பின்னேரம், அஸர் ஆகிவிட்டது.

அவர்கள் கொண்டு வந்த செய்தி: வயல் வட்டைக்குள் யானை இறங்கிவிட்டது. வெட்டாத பக்கம் மிதிபட்டுக் கிடக்கிறதாம். இவர் உடனே சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார்.

"நான் போயித்து வாறன். வெள்ளாமைய வெட்டி ஏத்தாம வர ஏலா."

"அப்ப மகள்ட படம்? பாஸ்போர்ட்?"

"நீ கூட்டிப் போவன். கொழும்புல என்ட சிநேகிதன் எல்லாம் செய்து தருவான். ஒன்ட பாஸ்போர்ட்ல சேத்தாச் சரி."

வண்டியில் ஏறிப் போய்விட்டார். யானைக்கு முன்னால் நிற்கத் தைரியம் இருக்கிறது, ராத்தாவுக்கு முன்னால் நிற்க இல்லை.

23.8.82 திங்கள்

சொல்லிவிட்டேன்.

கிணற்றடியில் ராத்தா உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று போன வேகத்தில், "இந்த முறை நஸீராவக் கூட்டிப் போறம் ராத்தா" என்றேன். ஒரு முன்னுரைகூட இல்லை.

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

"ஆரு சொன்ன?"

"புதுசா ஒரு சின்னப் பெட்டி வாங்கி கட்டிலுக்குக் கீழ வெச்சிரிக்கிற. ரிபாய்க்கா அது? அதுதான் ஓதல முடிக்கச் சொல்லி நான் நெருக்குற. அங்க ஆரு ஓதிக் குடுக்கிற?"

ஒரு வாரமாக மனதுக்குள் அவளை எத்தனை ஏசியிருப்பேன்.

"புள்ளக்கிட்ட சொன்னயா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்துக்குச் சொல்ற? நான் சொன்னா, நான் அனுப்புறெண்டு நெனப்பாள். நீதான் சொல்லணும்."

ராத்தாவின் மாப்பிள்ளை, மச்சான், கடையோடு பொலன்னறுவையில், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள் போனபோது நஸீராவுக்கு ஆறு வயது, ரிபாய் கைக்குழந்தை. தெரியாத நாட்டுக்கு இரண்டையும் இழுத்துக்கொண்டு எப்படி என்று, ஒரு வருடத்துக்கென்று சொல்லித்தான் அவளை ராத்தாவிடம் விட்டோம். அது மூன்றாகிவிட்டது. ராத்தா அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை பிடித்திருக்கலாம்.

பகல் ராத்தா சாப்பிடவில்லை. கேட்டதற்கு "பல்லுக் குத்து" என்றாள்.

24.8.82 செவ்வாய்

தையல்காரர் நஸீராவின் சட்டையை ரிபாயின் அளவுக்குத் தைத்திருக்கிறார். ரிபாய்க்குப் பூப்போட்ட சட்டை. திருப்பி அனுப்பினேன்.

மாமியின் ஆள் வந்து ஒரு பொதி கருவாடு வைத்துவிட்டுப் போனார். நைஜீரியாவுக்காம். வீடு முழுக்க மணம், வளவு முழுக்கப் பூனை.

பின்னேரம் நஸீராவுக்குப் பேன் பார்க்கும் சாட்டில் உட்கார வைத்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வது லேசு.

"மகள், இந்த முறை நீங்களும் எங்களோட வாறீங்க. பெரிய பள்ளிக்கூடம். தம்பியோட விளையாடலாம். பிளேன்ல போறம்."

"ஓம்."

"சந்தோஷமா?"

"ஓம்."

"பெரியம்மாவப் பாக்க லீவுக்கு லீவு வரலாம்."

"ஓம் உம்மா."

இவ்வளவு லேசா? ஒரு மாதமாக இதற்குத்தானா பயந்தேன்? மனம் லேசாகி ராத்தாவுக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

25.8.82 புதன்

எழுதவே கை வரவில்லை.

நஸீராவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கல்முனைக்குக் கூட்டிப் போனேன். கூடவே ரிபாய். ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை, காத்திருந்தோம். கரண்ட் வந்தது. நஸீரா ஸ்டூலில் நேராக உட்கார்ந்தாள், தலைமுடியை நானே சரி செய்தேன். படக்காரர் "ரெடி" என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தங்கச்சி, கண்ணத் திறங்க."

திறந்தாள். "ரெடி." மூடினாள்.

வெளிச்சத்துக்குக் கூசுகிறதாக்கும் என்று அவர் விளக்கைத் தள்ளி வைத்தார். மறுபடியும். ரிபாயை முன்னால் நிறுத்திக் கையை வளைத்துக் கொக்கு மாதிரிக் காட்டச் சொன்னார். மறுபடியும். அந்த மனிதருக்கு வேர்த்து ஊற்றுகிறது.

"டீச்சர், இந்தப் புள்ள வேணுமெண்டே மூடுது."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அழுகை இல்லை, அடம் இல்லை, காலை உதைக்கவில்லை. பேசாமல் கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். கண் மூடிய படத்தை எந்தப் பாஸ்போர்ட் கந்தோரும் எடுக்காது.

பஸ் நிலையத்தில் ஆட்களுக்கு நடுவில் ஏசினேன். என்ன ஏசினேன் என்று எழுத வெட்கம். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்ல:

"வகுப்புல ஏசுற மாதிரி ஏசாதீங்க உம்மா. ஆக்கள் பாக்கிறாங்க."

வீட்டுக்கு வந்ததும் நேரே ராத்தாவிடம் ஓடினாள். நடந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்திச் சொன்னேன். ராத்தா அவளை மடியில் போட்டுக் கொஞ்சுவாள், அதற்கும் சேர்த்துச் சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். ராத்தாவின் குரல் வந்தது:

"என்ன வேல செய்திரிக்கிற நீ? போ. உம்மாக்கிட்டப் போ. இஞ்ச வராத."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே ராத்தா விம்முவது எனக்குக் கேட்டது. நஸீராவுக்கும் கேட்டிருக்கும்.

பிள்ளை அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கடப்பில் வெயிலுக்குள் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. சோறு கொண்டு போனேன், தொடவில்லை. கடைசியில் நானும் போய்ப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். கிடுகு முதுகில் குத்துகிறது. நல்ல சாரி வேறு.

அவளே கதைத்தாள்.

"எனக்கு ஒங்களத் தெரியாதே உம்மா."

"என்ன கத இது? நான் ஒங்கட உம்மா."

"அது தெரியும். நீங்க எதுக்கு ஏசுவீங்க, எதுக்கு ஏச மாட்டீங்கெண்டு தெரியா. பெரியம்மாவத் தெரியும். அங்க வந்து நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போனா நான் ஆரோட இரிக்கிற?"

"தம்பி இருக்கான். வாப்பா இருக்காங்க."

"அவங்களையும் தெரியா."

பிறகு, யோசித்து வைத்திருந்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக:

"நீங்க அங்க போகக்குள்ள, போகாதீங்கெண்டு நான் சொன்னனா? சொல்லல்லத்தானே. இப்ப நீங்க ஒரு வருஷம் இஞ்ச இருங்க. மறுகா நான் ஒங்களோட வாறன். கண்ணத் தொறந்து படம் எடுப்பன்."

கல்முனைச் சந்தையில் சீலை விலை பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். ஒன்பது வயது. என் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இஞ்சயும் பள்ளிக்கூடம் இரிக்கி."

26.8.82 வியாழன்

காலையில் காற்று அடங்கியிருந்தது. ஒன்றும் செய்யவில்லை. பெட்டிகள் திறந்தபடி.

பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கொழும்பில் இன்னொரு ஸ்டூடியோவில் எடுக்கலாம், ஒரு அதட்டில் கண் திறக்கும். பிறகு?

அங்கத்தைய வகுப்பு நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் பரீட்சை எடுக்கப் போகிற பெண் பிள்ளைகள். பாதிப் பேருக்கு வீட்டில் கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள், கணக்கில் பாஸானால் தப்பலாம் என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கரும்பலகைக்கு முன் நிற்கும்போது நான் யாருடைய தங்கச்சியும் இல்லை, மருமகளும் இல்லை. மெலிந்தேனா கொழுத்தேனா என்று யாரும் கேட்பதில்லை. அதை விடுவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

பகல் இங்கத்தைய பள்ளிக்கூட அதிபரிடம் போய் வந்தேன். என் சம்பளமில்லா லீவு இன்னும் முடியவில்லை, வந்து பொறுப்பெடுக்கலாம் என்றார். "எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லாமத்தான் கிடக்கு." எட்டாம் வகுப்பு. பின் தெருக்காரியின் மருமகனுக்கு ஒரு தம்பி இருக்கிறானாம்.

27.8.82 வெள்ளி

இவர் வட்டையிலிருந்து வந்தார். கால் முழுக்க நெல் கீறல். யானை போய்விட்டது, பாதி வெள்ளாமை தப்பியது. நல்ல சந்தோஷத்தில் இருந்தார். இங்கேயே நிற்கப் போகிறேன் என்று சொல்லி நான் கெடுத்தேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா? டிக்கட் எடுத்தாச்சி. அங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்ற?"

"தந்தி அடிக்கிறன்."

"ஒரு சின்னப் புள்ள சொல்லுதெண்டு..."

"மூணு வருஷமா பெரிய ஆக்கள் சொன்னதத்தானே கேட்டம்?"

குளித்து ஜும்ஆவுக்குப் போனார். தொழுது வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கேட்ட கேள்வி:

"அப்ப எனக்கு ஆரு ஆக்கித் தாற?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சோறு ஆக்கப் படியுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே ஓதல் முடிந்து வந்த நஸீரா. இவர் அவளை நிறுத்தி ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து கட்டிலில் இருந்தார்.

"ஒரு வருஷந்தான். மறுகா கதையில்ல" என்றார்.

"என்ன சொன்னாள்?"

"ஒண்டுமில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே கேட்கவில்லை நான்.

பிறகு அவரே என் பெட்டியைத் திறந்து என் உடுப்புகளை வெளியே எடுத்து வைத்தார். கன்னாபின்னா என்று. அந்த இடத்தில் மாமியின் கருவாட்டுப் பொதியை அடைத்தார்.

28.8.82 சனி

வாடகை வான் காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. இவர் கொழும்பில் தங்கி அங்கிருந்து நைஜீரியா போவார். வழியனுப்ப அரைத் தெரு. ரிபாய் தானும் ஏறுவேன் என்று கத்தி வானுக்குள் புகுந்துவிட்டான், இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். இவர் நஸீராவின் தலையில் கை வைத்து ஓதி ஊதினார். அவள் குனிந்து நின்றாள். என்னைப் பார்த்து "கவனம்" என்றார். நானும் "கவனம்" என்றேன். ஆட்களுக்கு முன் வேறென்ன கதைக்க.

பின் தெருக்காரி: "நீங்க போகல்லெண்டா அந்த எடத்துக்கு நம்மட மருமகன அனுப்பலாமே?"

ராத்தா தெருவுக்கு வரவில்லை. நான் இருக்கப் போகிறேன் என்று நேற்றே அவளுக்குச் சொல்லியாயிற்று. "ம்" என்றாள், அவ்வளவுதான். அவளிடம் வேறு எதிர்பார்த்தது என் பிழை. பல்லுக் குத்து இன்னும் தீரவில்லையாம், நேற்றும் அரைச் சோறுதான்.

எல்லாரும் போய், ரிபாய் அழுது தூங்கி, நஸீரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு எங்கோ விளையாடுகிறாள். வீடு அமைதி. இந்த லீவில் முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு வரி எழுதவில்லை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தா:

"இரிக்கிறெண்டு முடிவெடுத்தா, கைய மடக்கிக்கிட்டு இரிக்கலாமெண்டு நெனச்சயா? வாடி இஞ்ச, வந்து இந்தக் கீரைய ஆய்ஞ்சி தா. பசிக்குது எனக்கு."