பாதி அட்டை மாத்திரை

அக்டோபர் 9

இன்று ஆறாவது டிரிப்ஸ். கிளம்பும் முன்பே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டேன். இரண்டாவது முறையே கழுத்தெல்லாம் தடித்து அரித்தது. சால்வையைச் சுற்றி மறைத்தேன். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே! முன்பு போட்ட ஊசிகள் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது இதுதான். மாத்திரை போட்டால் அரிப்பு வருவதில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

அக்டோபர் 10

ரொட்டிக் கடை வரை நடந்தேன். திரும்பியும் நடந்தேன்.

நவம்பர் 6

தம்பி பக்கீசியோவுக்கும் இதே நரம்பு நோய்தான். இந்த நோய் மலிந்த எங்கள் சார்டீனியாத் தீவில் ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு என்றால் யாரும் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார்கள். இன்று அவனுக்கு முதல் பாட்டில். எனக்குப் பக்கத்து நாற்காலி.

"அக்காவும் தம்பியும் சேர்ந்து தண்ணியடிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

ஜனவரியில் புனித அந்தோனியார் திருவிழாவுக்குச் சதுக்கத்தில் மூட்டும் தீயைத் தன் காலாலேயே மூன்று சுற்று சுற்றப்போகிறானாம். போன வருடம் கால் மரத்துப்போய் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவன்.

டிசம்பர் 4

திரும்பும்போது பஸ்ஸின் கடைசி இருக்கையில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிறெல்லாம் தடிப்பு.

"நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"பாட்டில் முடியறப்பதான் ஆரம்பிச்சது. சொல்லணுமாக்கா?"

"பைத்தியமா உனக்கு? சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. அப்புறம் தீயாவது, மண்ணாவது. அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி இதப் போட்டுக்க. நானும் அப்படித்தான்."

பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பாதியாகக் கத்தரித்துக் கொடுத்தேன்.

"கில்லாடிக்கா நீ" என்றான்.

ஜனவரி 2

எழுத முடியவில்லை.

ஜனவரி 5

மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். மூன்றாவது பாட்டில் ஏற ஆரம்பித்துப் பத்தே நிமிடம். "அக்கா, தொண்டைல என்னமோ—" என்றான். அவ்வளவுதான். உதடு வீங்கி, அது அவன் முகமாகவே இல்லை. மூச்சை இழுக்கும் அந்தச் சத்தம். நர்ஸ் இஞ்ஞாசியா ஓடிவந்து குழாயை மூடினாள், தொடையில் ஊசி குத்தினாள். ஆட்கள் வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் என்ன செய்தேன்? என் கையிலும் அதே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பிழைத்துவிட்டான். இன்றுதான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் அவனிடம் கேட்டார்: "போன தடவை தடிச்சதச் சொல்லியிருந்தா இந்தப் பாட்டிலை ஏத்தியே இருக்க மாட்டோம். மறைக்கச் சொல்லி யார் குடுத்த யோசனை?"

என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நானாத்தான்."

நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 11

வீடு முழுக்க அந்தச் சத்தம். அடுப்பில் காபி பொங்கும்போது கேட்கிறது. தெரு நாய் இரைக்கும்போது கேட்கிறது. ஓடிப்போய் அவன் அறைக் கதவில் காதை வைக்கிறேன். நிம்மதியாகத் தூங்குகிறான். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஜனவரி 16

சதுக்கத்தில் தீ மூட்டிவிட்டார்கள். பக்கீசியோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"என்னாலதான உனக்கு மருந்தே இல்லாமப் போச்சு—" என்று ஆரம்பித்தேன்.

"விடுக்கா. நீயாவது நடக்கிறல்ல."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. ஏன்டா பாவி, என்னைத் திட்டித் தொலைக்க மாட்டேங்கிற?

ஜனவரி 30

குழாயைப் பொருத்த வந்த இஞ்ஞாசியாவிடம், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாட்டிலைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். டாக்டர் வந்தார். இந்த மருந்து இனிமேல் உங்களுக்கு இல்லை என்றார். வேறு பார்க்கலாம் என்றார். வேறு என்ன என்று சொல்லவில்லை.

பக்கீசியோ வெளியே பஸ் நிறுத்தப் பெஞ்சில் காத்திருந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"சொல்லிட்டேன். நான் மாத்திரை போட்டது, உனக்குக் குடுத்தது, எல்லாத்தையும்."

அவன் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கால் போயிடுமேக்கா" என்றான். சொல்லிவிட்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன்.

"தெரியும்டா. எழுந்திரு, பஸ் வந்துடும்."

பஸ் வந்தது, போனது. இரண்டு பேருமே எழவில்லை.