பட்டாசுக்கு நின்ற ரயில்

எதிர்வீட்டுக்காரர் சாக்கடைக்கு மேலே பாலம் போட எங்கிருந்தோ தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த நான்கு பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்கிவந்து போட்டிருக்கிறார். காலையில் ஒன்றும் தெரிவதில்லை. வெயில் ஏற ஏறக் கட்டையில் ஊறிய தாரெண்ணெய் கசிந்து, அந்த வாடை என் சமையலறைவரைக்கும் வந்துவிடுகிறது. மகன் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவான். அவன் மத்தியானப் பள்ளிக்குக் கிளம்பியதும் நான் திறந்துவிடுவேன். ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருடத்தில், இந்த ஒரு வாரமாகத்தான் வீட்டுக்குள் நம் ஊர் வாடை அடிக்கிறது. உன்னோடு பேசவேண்டும் போலிருக்கிறது. நீ இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

சுங்காய் டவுனுக்கு வடக்கே இருந்த அந்த ஸ்டேஷனை ஊர் என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள். ஒரு பிளாட்பாரம், ஒரு சீனர் காப்பிக்கடை, ஒரு மாரியம்மன் கோயில், தண்டவாளத்தை ஒட்டிப் பத்து வீடுகள் கொண்ட ரயில்வே லயம். அதற்குப் பின்னால் பார்க்கிற இடமெல்லாம் கித்தா, ரப்பர் மரம். உன் அப்பாவும் என் அண்ணனும் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் இருந்தார்கள். என் அப்பா அவர்களை வேலைவாங்கும் மண்டோர். ஆறாம் வகுப்போடு நாம் இருவரும் பள்ளியை முடித்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பால்வெட்டப் போனோம். தண்டவாளத்தின் மேலேதான் நடப்போம். ஒன்றின்மேல் நீ, இன்னொன்றின்மேல் நான். விழாமலிருக்கக் கையைக் கோத்துக்கொள்வோம். முதலில் யார் விழுந்தாலும் மற்றவளையும் இழுத்துக்கொண்டுதான் விழுவாள். பெரும்பாலும் அது நான்.

பட்டாசு வைப்பதை இங்கே யாரிடம் சொன்னாலும் புரியவில்லை. அது ரயில்வேக்காரர்கள் வழக்கம். ஷூ பாலீஷ் டப்பி மாதிரி ஒரு தகர வில்லை. இரண்டு பக்கமும் இருக்கும் பட்டையை மடக்கித் தண்டவாளத்தில் மாட்டுவார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். முன்னால் பாதை சரியில்லை, வண்டியை நிறுத்து என்று டிரைவருக்குச் சொல்வதற்காக உள்ள பொருள். நம் ஆட்களோ, ரயில்வே வீட்டிலிருந்து யாராவது நிரந்தரமாக ஊரைவிட்டுப் போகும்போதெல்லாம் அதை எடுத்து வைத்துவிடுவார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கும் உண்டு, பென்ஷன் வாங்கிப் போகும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் உண்டு. ஆனால் முன்கூட்டியே டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டு, ஊதிக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் மூன்று, உனக்கு இரண்டு என்று நாம் இருவரும் எத்தனை நாள் அடித்துக்கொண்டிருக்கிறோம்!

உன் அப்பா இறந்த மறுவருடம் அந்தச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி, அந்தச் சிவப்பு அடையாள அட்டை, வைத்திருப்பவர்கள் வேலைசெய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். உன் அம்மாவுக்குச் சிவப்பு. உனக்கும் சிவப்பு. நீயும் நானும் ஒரே லயத்தில், இரண்டு வீடு தள்ளிப் பிறந்தவர்கள். என் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டுபோய் குடியுரிமைக்கு என் பெயரைப் பதிந்தார். உன் அப்பா நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெர்மிட் கிடைக்கவில்லை. லயத்து வீட்டையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். துறையூர்ப் பக்கம் இருந்த உன் மாமா வந்துவிடுங்கள் என்று எழுதினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் அண்ணனுக்குக் குடியுரிமை உள்ள நீல ஐசி. உன்மேல் அவனுக்கு ஆசை இருந்தது லயத்துக்கே தெரியும். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் உன்னை நிறுத்திக் கேட்டேன்.

"எங்க அண்ணனக் கட்டிக்கடி. ஒன்ன யாரும் அனுப்ப முடியாது."

நீ வாளியைக் கீழே வைத்தாய்.

"அண்ணன் நல்லவருதான். நான் இங்க இருந்துட்டா எங்கம்மாவ யாரு கூட்டிட்டுப் போறது? அது தனியா கப்பல்ல போவுமா? ஐசிக்காகக் கட்டிக்கிட்டாள்னு நாளைக்கு அவரே நெனச்சிட்டா என்ன லா பண்றது?"

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அப்போது எனக்கு அது தெரியவில்லை. நான் கொடுத்த வாழ்க்கையை நீ தூக்கி எறிந்துவிட்டதாக நினைத்தேன். "போ. போயிட்டு எனக்கு லெட்டர்கூடப் போடாதே" என்றேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் நீ ஊரில் இருந்தாய். பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டினோம். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ புறப்பட்ட நாளில் லயமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. பினாங்கில் கப்பல் ஏற, பிறை ஸ்டேஷன்வரை போகும் காலை ரயில். நான் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போகட்டும் என்று சட்டையைக் கல்லில் அடித்தேன். திடீரென்று டமார், டமார், டமார். மூன்று. பிரேக் கிறீச்சிட்டு, வண்டி நம் லயத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் வைத்த பட்டாசு. உன்னை ரயில்வே வீட்டுப் பெண்ணாக அனுப்பவேண்டும் என்று வைத்திருக்கிறான். டிரைவரிடம் சொல்லிவிட்டு வா என்று அப்பா பிளாட்பாரத்துக்கு அனுப்பினாராம். அங்கே நீ நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், சொல்லாமலே திரும்பிவிட்டான். டிரைவர் புதுசு. பாதை உடைந்துவிட்டது என்று பயந்து இறங்கி, கார்டோடு சேர்ந்து தண்டவாளத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். அப்பாவுக்கு அதற்காகப் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது தனிக்கதை.

உன் பெட்டி சரியாக எங்கள் வேலிக்கு நேராக நின்றது. நான் குளியலறைக்குள் ஓடித் தகரக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள் ஜன்னலுக்குக் கீழே குதித்தார்கள். மூன்றாம் வீட்டு அக்கா, "புள்ள, வழியில சாப்பிடு லா" என்று வேலிமேல் எம்பி ஒரு சீப்புப் பிசாங் பழத்தை நீட்டினாள். நீ அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எங்கள் பின்கட்டையே பார்த்தாய். கல்லில் நுரை இன்னும் அடங்கவில்லை.

"ஏண்டி, உள்ளதான இருக்கே? கோவமெல்லாம் அப்புறம் படலாம். ஒரு தரம் வெளிய வந்துட்டுப் போ லா."

இரண்டு தரம் கூப்பிட்டாய். மூன்றாம் தரம் பெயரை மட்டும் சொன்னாய். வந்தால் அழுதுவிடுவேன் என்பது ஒரு காரணம். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட அசிங்கமானது. நீ தவிப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் தவிக்கட்டும், அப்புறம் போகலாம் என்று நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் கார்டு பச்சைக்கொடியைக் காட்டிவிட்டார்.

மறுவாரம் உன் நிரையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். நல்ல பெண்தான். எனக்கு அவளோடு பேச ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு பழகியாகிவிட்டது. பேச்சுக்குக் குறைவில்லை. கையைக் கோத்துக்கொள்ள யாரும் வாய்க்கவில்லை. லெட்டர் போடாதே என்று சொன்னவளுக்கு நீதான் முதலில் எழுதினாய். நானும் பதில் போட்டேன். மழை, விலைவாசி, பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல் என்று பத்துப் பதினைந்து வருடம் எழுதிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்கலாம் என்று இருந்தேன்.

போன மாதம் உன் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் காமாலை, பதினேழே நாள் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது: "பெரியம்மா, மலேசியாவில் தனக்காக ரயிலே நின்றது என்று அம்மா எப்போதும் சொல்லுவாள். நீங்கள் சோப்புக் கையோடு ஓடிவந்து ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும்வரை விடவே இல்லையாம். யாருக்காவது ரயில் நிற்குமா என்று அப்பா கேலி செய்வார். உண்மைதானா?"

மூன்று நாள் யோசித்தேன். ரயில் நின்றது உண்மைதான் மகளே, உன் அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று எழுதிப் போட்டுவிட்டேன். வேறென்ன எழுதுவது? உன் பிள்ளைகள் முன்னால் என்னை அத்தனை வருடம் நல்லவளாக வைத்திருந்தாய். நான் உள்ளே இருந்துகொண்டே வரவில்லை என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். இனி அதற்காக என்னை மன்னிக்கக்கூட ஆளில்லை.