நைனாவின் போனைத் திறந்த நாள்

14 அக்டோபர், செவ்வாய். புத்தூர்.

காலையில் நைனா குளிக்கப் போனபோது அவருடைய போனைத் திறந்து பார்த்துவிட்டேன். பங்குச் சந்தையில், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவதுபோல ஆப்ஷன் வாங்கி விற்கிறார். திரை முழுக்க நஷ்டத்தின் சிவப்பு. போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் இன்று நான் நடத்தியது குவாண்டம் கிரிப்டோகிராஃபி. ராத்திரி சாப்பிடும்போது நைனா அது என்னவென்று கேட்டார். இரண்டு பேர் ஒளித்துகள்களில் ரகசியச் சாவி அனுப்பிக்கொள்வார்கள், நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் துகள்கள் மாறிவிடும், அதை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிச்சும்மா," என்றார். "காலையில என் மூஞ்சியப் பாக்காமலே போயிட்ட."

"எவ்ளோ போச்சு நைனா?"

"ரிட்டையர் ஆனப்ப வந்ததுல பாதி. நம்ம தெருவுல பாதிப் பேரு இதத்தான் பண்ணிக்கினு கீறாங்க. நானும் எறங்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் எங்கிட்ட கேக்கல?"

திருடியைப்போலப் பார்த்தது நான்தான்.

கை கழுவிவிட்டு வந்து, என்னை வைத்துக்கொண்டே போனில் அந்தப் பங்குச் சந்தைக் கணக்கை மூடினார். படுக்கப் போகும்போது சொன்னார்: "நாளைக்குச் சித்தூர்லருந்து உங்கம்மா வந்துடுவா. நானே சொல்லிடறேன். நீ பக்கத்துல இரு, போதும்."

சரி என்றேன். நாளைக்கு லீவு போட வேண்டும்.