கால்சியம் போட்டவன் நான்தான்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதே. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆய்வகத்தில் அதன் செல்களுக்கு உப்புக் கரைசல் கலப்பது என் வேலை. செல்லின் மெல்லிய சவ்வில் புரதத்தாலான வாசல்கள் உண்டு. அவற்றின் வழியே கால்சியம் உள்ளே போனால்தான் ஹார்மோன் வெளியே வரும். போன வாரம் வரவே இல்லை.

“கால்சியம் போட மறந்துட்டீங்களா, தாத்தா?” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

“பதினெட்டு வருஷமா மறக்காதவன் இன்னைக்கா மறப்பேன்? இந்த பாட்டில்ல முன்னாடி என்ன வெச்சிருந்தே?”

“கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்து. ஒரு தடவை அலசினேனே!”

“ஒரு தடவையா? நல்லா அலசினே போ! ஒட்டியிருந்த மருந்து நான் போட்ட கால்சியத்தைப் பிடிச்சுக்கிச்சு.”

அதற்குள் ஆய்வகத் தலைவர், “வயசாயிடுச்சு, இனிமே பாட்டில் மட்டும் கழுவுங்க” என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாணவி என் கணக்குப்படியே புது பாட்டிலில் கலந்தாள், ஹார்மோன் வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். தலைவர் தன் உத்தரவை மாற்றவில்லை. என் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு, பாட்டில் கழுவ அது போதும். கூடவே கைப்பட நாலு வரி எழுது. போனில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஊருக்கு வர விடுப்பு வேண்டுமென்றால் தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மேசையைத் திருப்பித் தராதவரிடம் போய் நிற்க மாட்டேன். அதனால் இந்த முறை என்னை எதிர்பார்க்காதே. பாட்டில்கள் குவிந்துவிட்டன, கழுவப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்