வாசலில் நின்ற பூனை

என் அருமை அன்சாருக்கு,

அல் குசைஸ் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் கட்டடத்துப் பூனை கஃபெட்டீரியாவில் மிஞ்சும் ஷவர்மாவைத் தின்று தின்று உப்பிவிட்டது. நேற்று மதில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. விழுந்ததும், அதற்காகவே வந்தது போல முன்னங்காலை நக்கிக்கொண்டது. நீ பார்த்து வரைந்த மாடல் இப்போது எக்ஸ்ட்ரா லார்ஜ்.

அடுத்தது பெரிய செய்தி. உன் கார்ட்டூன் படத்தை முடித்துவிட்டேன். இனி நான் டைரக்டர் கதிர். மரியாதையாகக் கூப்பிடவும்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. படத்தில் உன் பூனையும் வாசலிலேயே நின்றுவிட்டது. அது நடந்து வந்து நிற்பதையும், கடைசியில் திரும்பிப் பார்க்கும் முகத்தையும் வரைந்திருந்தாய். நடுவில் கழுத்து திரும்புகிற தாள்கள் மட்டும் இல்லை. உன் வாப்பா விசாவை கேன்சல் செய்துவிட்டார், கீழக்கரைக்கே போகிறார்கள். பெட்டி கட்டும்போது உன் உம்மா தாள்கட்டை என்னிடம் நீட்டினார். "ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி இது நடக்கிறத ஒரு தடவ பாத்துரணும் தம்பி."

அப்போதுதான் நீ செய்துகொண்டிருந்த காரியம் உறைத்தது. ஒரு நொடி நடக்கப் பன்னிரண்டு தாள்! கம்ப்யூட்டர் வருவதற்கு முன் முழுநீளப் படத்தையே இப்படித்தான் செய்திருக்கிறார்கள், கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்து, தாள்மேல் தாள் போட்டு. பொம்மை அழ வேண்டுமென்று கண்ணாடி முன் உட்கார்ந்து தாமே அழுது பார்த்து வரைந்தவர்கள் எத்தனை பேர்! பொம்மையின் கண்ணீரை ஊரே பார்த்தது. அழுதவரை யார் பார்த்தார்கள்?

நீயும் பாத்ரூம் கண்ணாடி முன் பூனையாக நடந்தாய். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"டேய், தொறடா!"

"மியாவ்னு சொல்லு, தொறக்குறேன்."

நீ சொல்லவில்லை. கதவைப் பிறாண்டினாய்.

நேற்று சாயங்காலம், கட்டிய பெட்டிகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து படத்தை ஓட்டினேன். பூனை நடந்து வந்தது. வாசலில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு சட்டென்று திரும்பிப் பார்த்தது.

உம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவன் இப்படித்தான். ஸ்கூலுக்குப் போறப்ப ஷூவ மாட்டிட்டு வாசல்ல நிப்பான், என்னமோ மறந்த மாதிரி. அப்புறம் டக்குனு திரும்பி என்னயப் பாப்பான். இன்னொரு தடவ போடு தம்பி."

போட்டேன். வாப்பாவும் வந்து குனிந்தார். "நிக்கிறான் பாரு... நிக்கிறான் பாரு..."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நீ பூனையைத்தானே வரைந்தாய்? நீ நிற்கிற விதம் அதற்குள் எப்படிப் போனது? தெரிந்துதான் செய்தாயா?

"இப்படி நிக்க வைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?" என்றார் உம்மா.

"எனக்குத்தான் உம்மா. டைரக்டர் டச்."

உனக்கு மட்டும் சொல்கிறேன். டச்சும் இல்லை, மண்ணும் இல்லை. கழுத்து திரும்ப நான் வரைந்த ஒவ்வொரு பூனையும் பானையாகத்தான் வந்தது. வேறு வழியில்லாமல், வாசலில் நிற்கிற உன் தாளையே திரும்பத் திரும்பப் போட்டோ எடுத்து நேரத்தை நிரப்பினேன். படத்தில் என் கோடு ஒன்றுகூட இல்லை.

இனி அதில் கை வைக்க மாட்டேன், சத்தியம். நீ நிற்கிற வரைக்கும் நிற்கட்டும்.

உன் உம்மாவின் இன்னொரு பிள்ளை,
கதிர் (டைரக்டர் அல்ல)