குழலியை ஏன் ஆற்றில் விட்டாய்?

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
27 ஆகஸ்ட்

அன்புள்ள தினகரன் அண்ணாவுக்கு,

உன் தங்கை துர்காதேவி எழுதுகிறேன். வீட்டில் மூவரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் பள்ளிப் பத்திரிகையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போன் செய்யும்போது அப்பா ஒன்று சொல்வார். தறியில் அவசர வேலை, பதின்மூன்றாம் தேதி பெற்றோர் கூட்டத்துக்கு வர முடியாது என்பார். அவ்வளவுதான் சொல்வார். நம் பத்து நிமிடமும் அதோடு முடிந்துவிடும், எனக்குப் போன் வராது. அவர்கள் வர முடியாததற்குக் காரணம் நான்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கதையை எப்படி எழுதுவதென்று நாம் பேசி வைத்தது உனக்கு நினைவிருக்கும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஊடை நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்கு ஓட்ட இன்னொரு நாடா. அப்பா போடுவதை அம்மா போடமாட்டார், அம்மா போடுவதில் அப்பா கை வைக்கமாட்டார். அதுபோல மாறன் வரும் அத்தியாயங்கள் உனக்கு, குழலி வரும் அத்தியாயங்கள் எனக்கு. பாலாற்று வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து பிரிந்த அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் தேடும் கதை அது. நீ சேலம் போன பிறகும் நோட்டுப் புத்தகம் தபாலில் போய்வந்தது. ஆறு அத்தியாயம் முடித்தோம்.

ஏழாவது என் முறை. நோட்டு வரும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக ஏழாம் அத்தியாயத்தை அச்சடித்த உன் பள்ளிப் பத்திரிகை வந்தது. "எழுதியவர்கள்: தினகரன், டேனியல்." உன் அறைத் தோழன் பெயர் இருக்கிறது, என் பெயர் கடைசி வரியில்கூட இல்லை.

யார் அந்த நக்கன்? மாறனுக்குத் திடீரென்று ஒரு உயிர் நண்பன் எங்கிருந்து வந்தான்? திருமுக்கூடல் ஆதுலர் சாலையில் நோயாளிகளுக்கு ஐம்பது கட்டில் என்று டேனியல் எழுதியிருக்கிறான். பள்ளிச் சுற்றுலாவில் கல்வெட்டைக் காட்டி ஆசிரியர் சொன்னது பதினைந்து. நீயும் பக்கத்தில்தான் நின்றாய். நக்கன் மாறனுக்கு மிளகாய்க் குழம்பு ஊற்றுகிறானாம். சோழர் காலத்தில் மிளகாய் ஏது? மிளகுதான். அவனுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அண்ணனைத் தேடி ஆற்றைக் கடக்க வந்த குழலியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று வரியில். அடுத்த பத்தியிலேயே மாறன் நக்கனைக் கட்டிப்பிடித்து, இனி நீதான் என் உடன்பிறப்பு என்கிறான்.

எனக்குப் பொறாமைதான். மறைக்கவில்லை. நீ போன முறை எழுதிய கடிதத்தில் டேனியல் என்ற பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. துர்கா ஒரே இடத்தில், "கேட்டதாகச் சொல்லவும்" என்பதோடு. நீ காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அவன் முகத்தை என்று நினைத்தாலே எரிகிறது.

இனி நான் செய்ததைக் கேள். பத்திரிகையை அம்மா பார்த்தால் தெரு முழுக்கக் காட்டுவார். டேனியல் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எல்லோரும் பேசுவார்கள். அதனால் உங்கள் கதையின் பக்கங்களை மட்டும் கிழித்தேன். அன்றைக்குத்தான் அம்மா, ஜரிகை உராயாமல், நெய்த சேலையைச் சுருட்டும் படமரத்துச் சுற்றுக்கு நடுவே தாள் வைக்கச் சொன்னார். அந்தப் பக்கங்களை வைத்தேன். சேலையோடு சேர்த்துச் சுருட்டியும்விட்டேன். ஒளிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றியது.

நெய்த பட்டுக்கு நடுவே வெள்ளைத் தாள்தான் வைப்பார்கள், அச்சடித்த தாளை வைக்கவே கூடாது. இது தறி வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் மறந்தேன்.

ஒரு வாரமாக மழை, வீடெல்லாம் ஈரம். தறியிலிருந்து சேலையை அறுத்து எடுத்த அன்று அம்மா பிரித்தார். சந்தன நிறப் பட்டில் கறுப்பாக எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி. அம்மா எலுமிச்சைச் சாற்றால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அப்பா கடைக்குக் கொண்டுபோன சேலையை முதலாளி பஞ்சாட்சரம் விரித்துப் பார்த்து, "இன்னாபா, கதை எழுதிக்கினு வந்துக்கிற? பொண்ணு மணையில உக்காந்து படிக்கவா?" என்று கேட்டாராம். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அந்தச் சேலையைக் கட்ட வேண்டிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆவணிக் கடைசியில். அதற்குள் வேறு சேலை நெய்து கொடுக்க வேண்டும். அதுதான் அந்த அவசர வேலை.

அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, கசங்கிய பக்கங்களை முழங்காலில் வைத்து நீவி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா, உன்னை ஆத்துல வுட்டுட்டானா?" என்றார். நான் அழுதுவிட்டேன். "அவன் அங்க தனியா கீறான். யாராச்சும் பேச்சுத் துணைக்கு வேணாவா?" என்றார்.

நானும் உன் விடுதியைப் பார்க்க வருவதாக இருந்தது. என் நீலப் பாவாடையைத் தேய்த்துக்கூட வைத்துவிட்டேன். இப்போது உன்னைப் பார்க்க யாரும் வரமாட்டோம். மற்ற பையன்களைப் பார்க்க அவர்கள் வீட்டார் வரும்போது நீ வாசலில் நிற்காதே. டேனியல் வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டால் போய் உட்கார். இதை அம்மா எழுதச் சொன்னார். நானாக எழுத இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும் போ.

ஏழாம் அத்தியாயத்தை நான்கு முறை படித்துவிட்டேன். வெள்ளம் இழுத்துச் சென்றது என்று மட்டும்தான் இருக்கிறது. குழலி இறந்தாள் என்று எங்கேயும் இல்லை. உடல் கிடைத்ததாகவும் இல்லை. மாறன் தேடிப் பார்த்ததாகவும் இல்லை.

எட்டாவது உன் முறை. அதில் நான் கை வைக்கமாட்டேன். மாறனை ஆற்றங்கரையோரமாக ஒருமுறை நடந்து பார்க்கச் சொல், அண்ணா. நக்கனும் வேண்டுமானால் கூட வரட்டும். சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே போகச் சொல். அவளுக்குக் கேட்கும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
துர்காதேவி